இடது, கொஞ்சம், மாதிரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைப்பதைவிட இது மேல். நான் ஒருவருடைய வாக்கியத்திலிருந்து மூன்று வார்த்தைகளை வெட்டினேன். கதை அங்கிருந்துதான் வந்தது.

பதினோரு வருடம் எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் சாட்சிப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. கோர்ட்டில் கூண்டேறிச் சொல்கிற சாட்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் மற்றவர்கள் முன்னால் எடுத்துச் சொல்வதற்கு எங்களிடம் அதுதான் பெயர். சபைக்காரர்கள் வாயால் சொல்வார்கள், அல்லது நோட்டுத் தாளைக் கிழித்து எழுதித் தருவார்கள். நான் அதை ஒரு பக்கத்துக்குள் அடக்குவேன். மொத்தம் நூற்று முப்பத்திரண்டு சாட்சிகள். (எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.)

ஒரு சாட்சிக்கு நான்கு பத்தி. முதல் பத்தியில் இருட்டு. இரண்டாவதில் இருட்டு இன்னும் முற்றும். மூன்றாவதில் ஜெபம். நான்காவதில் வெளிச்சம். என் கை இதற்கு எப்படிப் பழகிவிட்டது என்றால், மளிகைச் சீட்டு எழுத உட்கார்ந்தால்கூட கடைசி வரியில் ஓர் அற்புதம் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அதனால் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கதை எங்காவது ரொம்ப அழகாகப் போகிறது என்று தோன்றினால், அந்த இடத்தில் என்னைச் சந்தேகப்படுங்கள்.

2

தொடக்கங்கள்.

"இருள் சூழ்ந்த என் வாழ்வில் ஒரு நாள்—"

வெட்டியாயிற்று. என் வாழ்வில் இருள் ஒன்றும் சூழ்ந்திருக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புப் பிரிவில் வேலை. முழங்கால் வலி. அவ்வளவுதான்.

"அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் பசித்த ஒரு மிருகத்தைப் போல—"

இதுவும் வேண்டாம். அந்த மெஷினை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது மெஷின் மாதிரிதான் இருந்தது.

"என் அண்ணனுக்குக் காது கேட்காது."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

என் அண்ணனுக்குக் காது கேட்காது. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். "அண்ணே" என்று கூப்பிடுவேன், ஆனால் "நீ, வா, போ"தான். எனக்கு ஐம்பது தாண்டிய பிறகும் அவன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான்.

அச்சகத்தில் மெஷின்மேன். இருபத்தெட்டு வருடம் அந்த ஆஃப்செட் மெஷின் பக்கத்திலேயே நின்று, காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், "பஞ்சு வெச்சா மெஷின் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பான். கடைசியில் மெஷின் சொன்னது மட்டுமல்ல, அண்ணி சொன்னதும் கேட்காமல் போனது. இரண்டாவதற்கு அவன் ரொம்ப வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. டாக்டர் காது மெஷின் எழுதிக்கொடுத்தார். வாங்கிப் போட்டுக்கொண்டான்.

பிறகு ஒரு ஜெபக்கூட்டத்தில் போதகர் அவனுடைய இரண்டு காதுகள் மேலும் கை வைத்து ஜெபித்தார். மறுநாள் காலையில், காது மெஷின் போடாமல் அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணி சமையலறையில் ஒரு மூடியைக் கீழே போட்டார். அண்ணன் திரும்பிப் பார்த்தான்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தான். டீ குடித்துக்கொண்டே சொன்னான். நான் எழுதிக்கொண்டேன். அவன் சொன்னது இதுதான், எழுத்துக்கு எழுத்து: "ஜெபத்துக்கு அப்புறம் எனக்கு இடது காதுல கொஞ்சம் கேக்குற மாதிரி இருக்கு, பாப்பா."

பத்திரிகையில் வந்தது: "ஜெபத்துக்குப் பிறகு எனக்குக் காது கேட்கிறது."

"இடது" எதற்கு? பாதி வேலை செய்துவிட்டுக் கடவுள் எழுந்து போய்விட்டார் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாதே. "கொஞ்சம்" வந்தால் வாக்கியம் இடுப்பொடிந்து நிற்கிறது. "மாதிரி" என்பது விசுவாசக் குறைவு. வெட்ட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கைப்பிழை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தெரிந்தே வெட்டினேன்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: மூன்று வாரத்தில் அந்த இடது காதும் பழையபடி ஆகிவிட்டது. அதை எழுத எங்கள் பத்திரிகையில் பக்கம் கிடையாது.)

இன்னொன்று. பத்திரிகை அச்சாவது அண்ணன் ஓட்டுகிற மெஷினில்தான். தனக்குக் காது கேட்கிறது என்ற செய்தியை அவனே ஆயிரத்து இருநூறு பிரதி அடித்து, கட்டுக் கட்டி, சபைக்கு அனுப்பினான்.

4

அச்சில் வந்துவிட்டால் பிறகு அதன்படி வாழ வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபை வாசலுக்கு வந்ததும் அண்ணன் காது மெஷினைக் கழற்றுவான். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். உள்ளே போய் இரண்டு மணி நேரம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பான். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் அண்ணி முழங்கையால் ஒரு இடி இடிப்பார், உட்கார வேண்டிய இடத்தில் இன்னொரு இடி. பாட்டு வந்தால் டிரம் வாசிப்பவரின் கழுத்தைப் பார்த்து வாயசைப்பான். சில சமயம் எல்லாரும் முடித்த பிறகும் அரை வரி தனியாகப் பாடுவான். பரவசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாலு வருடம்.

காது சரியில்லாதவர்கள் அவனைத் தேடி வந்தார்கள். "நீங்க சுகமானவர், எனக்காகக் கை வெச்சு ஜெபியுங்க" என்பார்கள். அவர்கள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சரி என்று தலையாட்டி ஜெபிப்பான்.

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி வரும். வரவில்லை என்றால் நான் கேட்கிறேன். "ஏன் அம்மா, நீ அவன் தங்கைதானே? அவன் வீட்டுக்குப் போவாய்தானே? அங்கே அவன் காது மெஷினோடு இருப்பதைப் பார்க்கவில்லையா?"

பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். பிறகு நாங்கள் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம்.

(இந்தப் பத்தியை ஏழு முறை எழுதினேன். முதல் ஆறில் எனக்கு விஷயமே தெரியாது. ஆறிலும் நான் ரொம்ப நல்லவளாக இருந்தேன்.)

5

போதகரைப் பற்றி.

ஒரு வரைவில் அவர் விரல் நிறைய மோதிரம் போட்டிருந்தார். கண்ணாடி வைத்த பெரிய அறையில் உட்கார்ந்து, "ஜனங்களுக்கு அற்புதம் வேணும் சிஸ்டர், குடுங்க" என்று கடகடவென்று சிரித்தார். எழுதும்போது குளுகுளுவென்று இருந்தது. பழி முழுக்க ஒரே ஆள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் கையில் மோதிரமே கிடையாது. அண்ணன் சாட்சியை நான் எழுதிய மாதம் போன் செய்து, "ஆண்டு இதழ் சிஸ்டர், சாட்சி கொஞ்சம் பலமா இருந்தா நல்லா இருக்கும்" என்று சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கூடவே இருந்து, முகம் சுளிக்காமல் மூத்திரச் சட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டியவர் அவர். மோதிரங்களைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

6

இனி வருகிறவரை ஊசிக்காரம்மா என்றே எழுதுகிறேன். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. சபைப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவரே சொல்லிச் சிரிப்பார். சபைக்குப் புதிதாக வந்தவர். எட்டு வயதில் ஒரு மகள், அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதிலும் குறை. யாரோ அவரிடம் அண்ணன் சாட்சி வந்த பழைய ஆண்டு இதழைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு வேலைநாளில் மகளையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் காது மெஷின் போட்டால் தலை வெடித்துவிடும் என்று அண்ணன் அதை மேஜை டிராயரில் வைத்துவிடுவது வழக்கம். ஊசிக்காரம்மா பேசினார். அண்ணன் மெஷின் இரைச்சலைச் சாக்காக்கிக் கையால் சைகை காட்டினான், எழுதித் தாருங்கள் என்று. கழிவுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் எழுதினார். அந்தத் தாளை அண்ணன் பிறகு எனக்குக் காட்டினான், அதனால் இதில் என் கைவரிசை எதுவும் இல்லை:

"உங்க சாட்சியைப் படிச்சேன். பொண்ணோட காது மெஷின் ரெண்டையும் ஏழு மாசம் முன்னாடி பீரோவில வெச்சுட்டேன். இன்னும் கேக்கல. ஆனா நான் நம்பிக்கையை விடல. நீங்க ஒரு தடவ கை வெச்சு ஜெபிக்கணும்."

அண்ணன் நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தான். பிறகு நடந்ததை அவன் சொன்னபடியே தருகிறேன்.

"அவ என் மூஞ்சியைப் பாக்கல பாப்பா. என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா. சபையில நான் எப்படிப் பாப்பேனோ, அப்படியே. மூணாவது படிக்கிற பிள்ள. ஏழு மாசமா கிளாஸ்ல டீச்சர் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

மெஷினை நிறுத்தினான். வேலை பாதியில் இருக்கும்போது அவன் மெஷினை நிறுத்தி நான் கேள்விப்பட்டதே இல்லை. டிராயரைத் திறந்து காது மெஷினை எடுத்து, அம்மாவும் மகளும் பார்க்கப் பார்க்கக் காதில் மாட்டிக்கொண்டான்.

"இது இல்லன்னா எனக்கு ஒண்ணும் கேக்காதும்மா. அந்தப் பத்திரிகையில வந்தது நிஜம் இல்ல. வீட்டுக்குப் போய் மொதல்ல பீரோவைத் தொறங்க."

ஊசிக்காரம்மா எழுதிய தாளை அங்கேயே விட்டுவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

7

அடுத்த ஞாயிறு. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் மைக் பக்கத்தில் வரிசையில் நிற்கிற நேரம். அண்ணன் போய் நின்றான். காதில் மெஷின், எல்லாருக்கும் தெரியும்படி.

அவன் பேச ஆரம்பித்ததும் மைக்குக்கும் காது மெஷினுக்கும் ஒத்துக்கொள்ளாமல் கீ என்று ஒரு சத்தம் வந்தது. பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவன் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான்.

"எனக்குக் காது கேக்காது. நாலு வருஷமா கேக்குதுன்னு உங்க முன்னாடி உக்காந்திருந்தேன். அது பொய். என்னைப் பாத்து யாராவது மருந்தையோ மெஷினையோ எடுத்து வெச்சிருந்தா, இன்னைக்கே போய் எடுத்துக்குங்க. எனக்குக் கடவுள் மேல கோபம் இல்ல. அவர் எனக்கு எதையும் எழுதிக் குடுக்கல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவன் பார்க்கவில்லை. நான் எழுந்து வருவேனா என்றுதான் பார்த்தான். எனக்கு அது தெரியும், சின்ன வயதிலிருந்து தெரிந்த பார்வை.

நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

சபை மூப்பர்கள் இரண்டு பேர் வந்து அவன் தோளைத் தட்டி இறக்கிக் கூட்டிப்போனார்கள். டிரம் ஆரம்பித்தது. அன்று மதியத்துக்குள் "பின்வாங்கிட்டார்" என்ற வார்த்தை (விசுவாசத்தை விட்டு விலகினவருக்கு எங்களிடம் அதுதான் பெயர்) வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் அதற்குப் பிறகு சபைக்கு வரவில்லை, நானும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

8

அதற்குப் பிறகும் நான் மூன்று சாட்சிகள் எழுதினேன். இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

பிறகு முடியவில்லை. முழங்காலைக் காரணம் காட்டிப் பக்கத்தை விட்டேன், சபையையும் விட்டேன். அது பெரிய இழப்பாக இல்லை. இழப்பு வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் ஜெபிக்க உட்காருவேன். "அன்பும் இரக்கமும் நிறைந்த—" என்று ஆரம்பிப்பேன். உடனே, அன்பும் இரக்கமும் ஒன்றுதானே, ஒன்றை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால், அது நான்காவது பத்திக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும். மண்டியிட்டபடி நான் அச்சுக்குப் பிரதி தயார் செய்துகொண்டிருந்தேன். எழுந்து போய் விளக்கை அணைத்துவிடுவேன்.

கடவுள் இல்லை என்று தோன்றியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். இருக்கிறார் என்று நன்றாகத் தெரிந்தது. அவரோடு பேச எனக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட இல்லை, அதுதான் கஷ்டம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படி இருந்தேன். என்னால் இனி ஜெபிக்க முடியுமா முடியாதா என்பதைத் தவிர, இந்தக் கதையில் எனக்கு வேறெந்தப் பிரச்சினையும் இல்லை.

9

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அண்ணி போன் செய்தார்.

"உங்க அண்ணன் வீட்டுச் சாவியையும் எடுத்துக்கிட்டு பிரஸ்ஸுக்குப் போயிட்டார். நான் வெளியே நிக்கிறேன். போன் அடிச்சா அவருக்கு எங்க கேக்கப் போகுது? நீ பக்கத்துலதானே இருக்க, கொஞ்சம் வாங்கிட்டு வாயேன்."

(கவனியுங்கள், தேவதூதர் யாரும் வரவில்லை. சாவி.)

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்துக்கு விடுமுறை. அண்ணன் மட்டும் போய் மெஷினின் ரோலர்களைத் துடைத்து வைப்பான். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளிருந்து அவன் குரல் தெருவரைக்கும் கேட்டது. யாரோடு சண்டை போடுகிறான் என்று பதறி நின்றேன். எதிர்க்கடை டீ மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"பயப்படாதீங்க, சாமி கும்பிடுறார். வாராவாரம் பத்து மணிக்கு ஆரம்பிச்சிடுவார். தான் கத்துறது அவருக்கே கேக்காதுல்ல. அவர் வீட்டு விஷயம் பூரா எனக்கு இப்போ அத்துப்படி." என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நீங்கதான் அந்தத் தங்கச்சியா?"

நான் ஷட்டருக்கு வெளியே நின்று கேட்டேன்.

"...அவளுக்குச் சுகர் இறங்கவே மாட்டேங்குது. மாத்திரையை ஒழுங்கா போடுன்னு நான் சொன்னா எடுபடாது, நீ சொல்லு. மொதலாளி பையன் புது மெஷின் வாங்கணும்ங்கிறான், என்னை வெச்சுப்பானான்னு தெரியல, அதைப் பாத்துக்கோ. ஊசிக்காரம்மா பொண்ணு இப்போ அஞ்சாவது, நல்லா வரட்டும். அப்புறம் பாப்பா. அவ என்கிட்ட வரட்டும். என்கிட்ட வரலன்னாலும் பரவால்ல, உன்கிட்டயாவது வரட்டும்..."

சபையில் கடவுளை "நீர்" என்போம், "உம்மை" என்போம். அவரை யாரும் "நீ" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல, ரோலரைத் துடைத்துக்கொண்டே பேசினான். முன்னுரை இல்லை. நான்கு பத்தி இல்லை. சபையை விட்டுப் போனவன், பின்வாங்கியவன், இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

குனிந்து உள்ளே போய் அவன் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான்.

"பாப்பாவா?"

என்னிடம் ஒரு மன்னிப்பு வாக்கியம் இரண்டு வருடமாகத் தயாராக இருந்தது. எடுத்தேன்.

"அண்ணே, அறிந்தும் அறியாமலும் என்னால உனக்கு உண்டான மனவேதனைக்காக—"

"என்ன?"

உதடு பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறவன்தான். ஆனால் நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிற வாயைப் படிக்க முடியாது என்று பிறகு சொன்னான். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். முழங்கை வரை கறுப்பு மை, மண்ணெண்ணெய். காது மெஷினைத் தொட வழியில்லை.

"சத்தமா சொல்லு பாப்பா."

"உன் சாட்சியை எழுதினப்போ, ஒரு ஆர்வத்துல, சில வார்த்தைகளை—"

"கேக்கல."

"நான் அதை மாத்திட்டேன்ணே. உன்னைக் கேக்காம."

"இன்னும் சத்தமா."

"நான் பொய் எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன். அன்னைக்கு நீ என்னைப் பாத்தே, நான் பையைத் தொறந்து வெச்சுக்கிட்டுத் தேடுற மாதிரி நடிச்சேன்."

எதிர்க்கடையில் ரேடியோ நின்றது. என் தொண்டை எரிந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் வாக்கியங்களைத் திருத்தியவளை அன்று ஒரு செவிடன் திருத்தினான். ஒவ்வொரு முறை கத்தும்போதும் ஒரு ஜோடனை கழன்று விழுந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தும்போது "அறிந்தும் அறியாமலும்" எல்லாம் வெளியே வருவதில்லை.

அண்ணன் துணியைக் கீழே வைத்தான்.

"அது தெரியும். நான்தானே அடிச்சேன். மொதல் தாள் வந்ததுமே படிச்சேன். ஸ்டாப் பட்டன் மேல கை வெச்சேன், அமுக்கல." மெஷினைத் திரும்பிப் பார்த்தான். "காது நல்லா கேக்குற ஒருத்தனைப் பத்தி எழுதியிருந்துச்சு. எனக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சு பாப்பா. நீ ஒரு தடவ எழுதின. நான் ஆயிரத்து எரநூறு தடவ அடிச்சேன். அப்போ யார் பெரிய ஆளு?"

அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை, பார்க்க நன்றாக இருந்திருக்காது.

"சரி, ஜெபம் பண்ணு" என்றான்.

"நீ பண்ணு."

"நான் இப்பதான் முடிச்சேன், தெருவைக் கேட்டுப் பாரு. நீ பண்ணு. கத்திப் பண்ணு, நான் ஆமென் சொல்லணும்ல."

அங்கேயே, மை டப்பாக்களுக்கு நடுவில் நின்று கத்தினேன்.

"கடவுளே, நான் வந்துட்டேன். நான் பொய் சொன்னேன். ஒரு பிள்ள ஏழு மாசம் ஒண்ணும் கேக்காம உக்காந்திருந்தது என்னாலதான். என்னை மன்னிச்சுடு. நீ இருக்கேன்னு எனக்கு எப்பவும் தெரியும். உன்கிட்ட பேசத்தான் தெரியாம போச்சு. எனக்கு நீ வேணும். அவ்வளவுதான்."

"ஆமென்" என்றான் அண்ணன். தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஆமென் வந்தது. டீ மாஸ்டர் கிறிஸ்தவர் இல்லை. பழக்கதோஷம் என்று பிறகு சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றைத் தேடினேன், பிறகு தேவையில்லை என்று விட்டுவிட்டேன். உள்ளே இரண்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது திறந்துவிட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டே நடந்தேன், வாய்விட்டு. அலுவலகம், முழங்கால், பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவது, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திருத்தவே தோன்றவில்லை.

"ஒரு சாவி வாங்க ஒன்றரை மணி நேரமா?" என்றார் அண்ணி.

10

இங்கே முடித்திருக்கலாம். முடிவுகள் சில எழுதியும் பார்த்தேன்.

ஒன்று: நான் ஜெபித்து முடித்த கணத்தில் அண்ணன் திடுக்கிட்டுத் தலையைத் திருப்புகிறான். தெருவில் ஒரு சைக்கிள் மணி. "பாப்பா, அது என்ன சத்—"

அருமையாக வந்தது. அதனால்தான் கிழித்துப் போட்டேன். அவனுக்குக் காது கேட்கவில்லை.

இரண்டு: போதகர் கண்ணீரோடு அச்சகத்துக்கு வருகிறார். வரவில்லை. போன்தான் செய்தார். "திரும்பி வாங்க சிஸ்டர்" என்றார். "நான் நல்லா இருக்கேன் பாஸ்டர், நிஜமாவே" என்றேன். "ஸ்தோத்திரம்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

மூன்று: இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நானும் அச்சகத்துக்குப் போகிறேன். அண்ணன் ரோலர் துடைக்கிறான், நான் தரை கூட்டுகிறேன், இரண்டு பேரும் முறை வைத்துக் கத்துகிறோம். இது உண்மை. அண்ணியும் இரண்டு முறை வந்தார். தன் சுகரைப் பற்றி ஊரறியக் கத்தியதற்கு அண்ணனைத் திட்டினார், பிறகு அவரும் ஜெபித்தார். பெயர்ப் பலகை வைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

இந்த மூன்றாவது முடிவைத்தான் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். காது மெஷின் போட்டுக்கொண்டு கேட்டான்.

"என்கிட்ட வந்து சொன்ன, சரி. நான் உன் அண்ணன். எப்படியும் மன்னிச்சுத்தான் ஆகணும். இன்னும் ஒரு வீடு இருக்குல்ல?"

11

போன சனிக்கிழமை மதியம் ஊசிக்காரம்மா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. ஒரு தடவைதான் பெல் அடித்தேன். "வர்றேன்" என்று உள்ளிருந்து மகளின் குரல் உடனே வந்தது.

அவர் வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"உங்க பொண்ணோட மெஷின் பீரோவுக்குள்ள போனதுக்குக் காரணம் என் அண்ணன் இல்ல. அவர் சொன்னதை மாத்தி எழுதினது நான். தெரிஞ்சேதான் மாத்தினேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். பிறகு பேசினார், பத்து நிமிஷம் இருக்கும். குறுக்கே பேசாமல் கேட்டேன். அவர் சொன்னது இங்கே வர வேண்டும்:

[                                        ]

அச்சுப் பிழை இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

அவர் மன்னித்தார் என்று எழுதினால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். விரட்டிவிட்டார் என்று எழுதினால், விரட்டினாலும் போய்ச் சொன்னாளே என்று என்னை மெச்சிக்கொள்வீர்கள். எப்படி எழுதினாலும் லாபம் எனக்குத்தான். நூற்று முப்பத்திரண்டு பேர் வாயிலிருந்து எடுத்து என் கடைசிப் பத்தியை முடித்தவள் நான். இன்னொருவர் வாயிலிருந்து எடுக்க மாட்டேன். அவர் சொன்னது அவருடையது. அந்தக் கட்டத்துக்குள் உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவது நீங்கள் என்பது நினைவில் இருக்கட்டும்.

என்னுடையதை மட்டும் சொல்கிறேன். கதவு எனக்குப் பின்னால் மூடியது, படியில் இறங்கினேன், முதல் மாடி திருப்பத்துக்கு வரும்போதே வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்லியிருந்தாலும் ஜெபித்திருப்பேன். இதற்கு நானே சாட்சி.